பித்தளைக் குழலும் பக்கத்து நாற்காலியும்

வட இங்கிலாந்தில் ஒருவர் "நான் பேண்டில் இருக்கிறேன்" என்று சொன்னால் கிட்டாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவர் சொல்வது பித்தளை பேண்டை. கார்னெட், டெனார் ஹார்ன், யூஃபோனியம், டிராம்போன், டியூபா என்று 25 பேர் பித்தளைக் கருவிகளோடு குதிரை லாட வடிவில் உட்கார்ந்து ஊதும் குழு அது. பின்னால் டிரம் முதலான தாளக் கருவிகளோடு இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். இவர்களில் ஒருவர் பகலில் குழாய் ரிப்பேர் செய்பவர். இன்னொருவர் மருத்துவமனை நர்ஸ். பள்ளிக்கூட ஆசிரியர், பஸ் ஓட்டுநர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி என்று எல்லாரும் இருப்பார்கள். வாசிப்பதற்குச் சம்பளம் கிடையாது. உச்சத்தில் இருக்கும் ஒரு சில பேண்டுகளை விட்டுவிட்டால், மாதச் சந்தாவைக்கூட வாசிப்பவர்தான் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

வாரம் இரண்டு மாலை, வேலை முடிந்து, சரியாகச் சாப்பிடக்கூட நேரமில்லாமல், மழையில் நனைந்துகொண்டு இவர்கள் ஒத்திகைக்கு வருகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடக்கிறது. ஏன் வருகிறார்கள் என்று கேட்டால் இசை மேலுள்ள பிரியம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி இந்த பேண்ட் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பாமல் வாசிக்கவே முடியாதபடி இதன் அமைப்பே இருக்கிறது. அது எப்படி என்பதைக் கருவியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

பித்தளைக் கருவியில் ஓசை எழுப்புவது குழல் அல்ல, உதடு. இரண்டு உதடுகளையும் இறுக்கி, கிண்ணம் போன்ற ஊதுவாய்க்குள் காற்றைச் செலுத்தினால் உதடுகள் துடிக்கும். அந்தத் துடிப்பைக் குழல் வாங்கிப் பெருக்கித் தருகிறது. கார்னெட்டின் குழலை நீட்டி வைத்தால் சுமார் 1.4 மீட்டர். யூஃபோனியம் அதைப்போல் இரண்டு மடங்கு. எல்லாவற்றிலும் பெரிய பாஸ் கருவி, நம்மவர்கள் டியூபா என்று சொல்வது, சுமார் 5.5 மீட்டர். குழல் நீள நீள ஓசை தாழ்ந்துகொண்டே போகும்.

உதட்டை இறுக்குவதாலும் தளர்த்துவதாலும் மட்டும் ஒரு குழலிலிருந்து சில சுரங்கள்தான் வரும். இடையில் இருக்கும் சுரங்களைப் பிடிக்க வால்வு வேண்டும். விரலால் அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு வளையக் குழாய்க்குள் சுற்றிப் போகும். அதனால் குழலின் நீளம் கூடும், சுரம் இறங்கும். மூன்று வால்வுகள் போதும், எல்லாச் சுரமும் வந்துவிடும். 1810களில் ஜெர்மனியில் தோன்றிய இந்த வால்வு, 1840களில் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் செய்த சாக்ஸ்ஹார்ன் என்ற கருவிக் குடும்பத்தின் வழியே இங்கிலாந்தில் பரவியது. டிஸ்டின் என்ற இசைக் குடும்பம் ஊர் ஊராகப் போய் அதை வாசித்துக் காட்டியது.

அது பரவிய இடமும் நேரமும் முக்கியம். யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் பஞ்சாலைகளும் கம்பளி ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் பெருகியிருந்த காலம் அது. தறியிலும் சுரங்கத்திலும் தடித்துப்போன விரல்களுக்கு வயலினின் நுணுக்கம் எட்டாமல் போகலாம், ஆனால் மூன்று பொத்தானை அழுத்த வரும். பித்தளை மழையில் நனைந்தாலும் தாங்கும், தெருவில் நடந்துகொண்டே வாசிக்கலாம், ஒடுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். தொழிற்சாலையில் செய்யப்பட்டதால் விலையும் கட்டுக்குள் வந்தது. ஆலை முதலாளிகள் பணம் போட்டுக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். தொழிலாளி சாராயக் கடைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சுரங்கங்களிலோ தொழிலாளிகளே வாரக் கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பேண்டுக்கென்று பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் பார்வையில் இந்த இரண்டாவது வழிதான் பெரியது. தரைக்கடியில் முதுகொடிய வேலை பார்த்தவர்கள், தாங்கள் வாசிக்காத இசைக்கும் கூலியில் பங்கு கொடுத்தார்கள்.

பிராட்ஃபோர்ட் அருகே க்வீன்ஸ்பரி என்ற மேட்டு ஊரில் ஜான் ஃபாஸ்டரின் கம்பளி ஆலையோடு சேர்ந்து 1855இல் உருவான பிளாக் டைக் பேண்ட் இன்றும் உலகின் முதல் வரிசையில் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1968இல் தான் எழுதிய ஒரு மெட்டை ஒலிப்பதிவு செய்ய இவர்களைத் தேடித்தான் யார்க்‌ஷயருக்கு வந்தார். ஆலையோ சுரங்கமோ தாங்காமல் ஊர் மக்களின் சந்தாவிலேயே வளர்ந்த பேண்டும் உண்டு. பிரிக்ஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் அப்படிப்பட்டது. அவர்கள் வாசித்த 'ஃப்ளோரல் டான்ஸ்' 1977இல் பிரிட்டிஷ் பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது.

இனி, தோழமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். முதல் காரணம் இசைக்குறிப்பை எழுதும் முறையிலேயே இருக்கிறது.

மேற்கத்திய இசைக்குழுவில் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பு ஒவ்வொரு விதமாக இருக்கும். மேல் ஸ்தாயிக் கருவி ஒரு கிளெஃபில் (தாளில் சுரங்களின் இடத்தைக் காட்டும் குறி) வாசிக்கும், கீழ் ஸ்தாயிக் கருவி வேறு கிளெஃபில் வாசிக்கும். பித்தளை பேண்டில் பாஸ் டிராம்போனைத் தவிர, சின்ன கார்னெட்டிலிருந்து பிரம்மாண்டமான டியூபா வரைக்கும் எல்லாக் குழலுக்கும் ஒரே ட்ரெபிள் கிளெஃபில்தான் எழுதுகிறார்கள். தாளில் ஒரு சுரம் எங்கே இருக்கிறதோ, அதற்கான வால்வு எல்லா வால்வுக் கருவியிலும் ஒன்றே. வெளியே வரும் ஓசை உயரத்தில் மாறுமே தவிர விரல் மாறாது.

இதன் பலன் என்ன? கார்னெட் கற்ற பையன் நாளைக்கே டெனார் ஹார்னை எடுக்கலாம். டியூபாக்காரர் ஊர் மாறிப் போய்விட்டால், பாரிடோன் வாசிப்பவர் அந்த நாற்காலிக்கு நகரலாம். உதடு பழக சில வாரம் ஆகும், அவ்வளவுதான். வயதாகிப் பல் ஆட்டம் கண்டவர் கார்னெட்டின் சின்ன ஊதுவாயை விட்டுவிட்டு, உதட்டுக்கு இடம் கொடுக்கும் பெரிய ஊதுவாய்க்கு மாறுவதும் உண்டு. அதனால் ஒருவர் எட்டு வயதில் சேர்ந்து எண்பது வயது வரை அதே பேண்டில் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்திருக்க முடிகிறது. இசைக் கல்லூரியின் வாசலை மிதிக்காத மனிதர்களுக்காக உருவான ஏற்பாடு இது. இசைப் பண்டிதர்கள் சிலருக்கு இது விசித்திரமாகப் படலாம். எனக்கு இதைவிட மரியாதையான ஏற்பாடு ஒன்று தோன்றவில்லை.

இரண்டாவது காரணம் மூச்சு. டியூபாவில் நீளமான ஒரு சுரத்தைப் பிடிக்கக் காற்று ஏராளமாக வேண்டும், சில நொடிகளில் நுரையீரல் காலியாகிவிடும். ஆனால் பாட்டின் அடித்தளம் அறுபடக் கூடாது. அதனால்தான் பேண்டில் நான்கு பாஸ்கள் இருக்கின்றன. பக்கத்திலிருப்பவர் மூச்சு வாங்கும்போது நான் வாங்கக் கூடாது. அவர் முடித்து மறுபடி ஓசைக்குள் நுழைந்த பிறகு நான் வாங்கிக்கொள்வேன். கேட்பவருக்கு எங்கும் இடைவெளி தெரியாது, ஒரே மனிதர் முடிவில்லாத மூச்சோடு ஊதுவதுபோல் இருக்கும். நாகஸ்வரத்தில் இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவர் விடும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்வதைக் கோயில்களில் கேட்டிருப்போமே, ஏறக்குறைய அதே உறவு. பக்கத்து நாற்காலிக்காரரின் தோள் எப்போது லேசாக உயரும் என்பது ஆண்டுக்கணக்கில் கூட உட்கார்ந்தால் கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடும். தாளில் பென்சிலால் ஒரு சிறு குறி போட்டு, 'இங்கே நீ, அங்கே நான்' என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். பழைய பிரதிகளைப் புரட்டினால் அப்படிப்பட்ட பென்சில் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்.

மூன்றாவது காரணம் உதடு. அது தசை, களைத்துப்போகும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் முதன்மைக் கார்னெட் வாசிப்பவர்மேல் ஏகப்பட்ட சுமை. தனி ஆவர்த்தனம் வருமுன் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அதற்கென்றே பக்கத்தில் ஒருவர் உட்காருவார். பேண்ட்காரர்கள் பேச்சில் அவர் பெயர் 'பம்பர்-அப்'. முதன்மைக் கலைஞர் கருவியை மடியில் வைத்து உதட்டை ஆற்றிக்கொள்ளும்போது, சத்தமில்லாமல் அவர் பகுதியையும் சேர்த்து இவர் வாசித்துவிடுவார். கைதட்டல் வரும்போது எழுந்து நின்று வணங்குபவர் வேறு ஒருவர். பம்பர்-அப் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். பேண்டில் நீண்ட நாள் இருந்தவர்களிடம் கேளுங்கள், ஒரு பேண்டின் தரத்தை அறிய இவரைத்தான் கவனிப்போம் என்பார்கள்.

ஒத்திகை நடக்கும் இடத்துக்கு 'பேண்ட் ரூம்' என்று பெயர். பழைய ஆலைக் கட்டடத்தின் ஒரு மூலையாகவோ, மதுக்கடையின் மாடியாகவோ, ஓடு வேய்ந்த தனி அறையாகவோ இருக்கும். உள்ளே நுழைந்ததும் வால்வு எண்ணெயின் வாசம் அடிக்கும். சுவர் முழுக்கப் பழைய படங்கள்: மீசை வைத்த ஆண்கள், நடுவில் பெரிய டிரம், காலடியில் ஒரு கோப்பை. அலமாரியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக்கான தாள்கள். இந்தப் பெட்டிகளைக் காப்பதற்கென்று ஒருவர் உண்டு. ஒரு தாள் காணாமல் போனாலும் அவர் முகம் வாடிவிடும். சாவி வைத்திருப்பவர் முன்னதாக வந்து ஹீட்டரைப் போடுவார், ஏனென்றால் குளிர்ந்த உலோகத்தில் சுருதி இறங்கிப்போகும்.

முதலில் பெரும்பாலும் ஏதாவது ஒரு தேவாலயப் பாடலை மெதுவாக ஊதுவார்கள். வேகமான விரல் வேலை எதுவும் அதில் இருக்காது. ஒருவர் ஓசையை மற்றவர் கேட்டு, சுருதி சேர்த்து, பகல் முழுக்க வெவ்வேறு இடத்தில் கிடந்த மனத்தை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் வேலை. பேண்ட் மாஸ்டர் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இன்றைக்கு யார் களைத்திருக்கிறார், யார் வீட்டில் பயிற்சி செய்யவில்லை என்பதைத் தெரிந்துகொள்வார். இடைவேளையில் கருவியின் அடியிலுள்ள சிறு திறப்பை அழுத்தி உள்ளே தங்கிய நீரைத் தரையில் விடுவார்கள். பார்க்கிறவர்கள் அதை எச்சில் என்று நினைத்து முகம் சுளிப்பது உண்டு. பெரும்பகுதி எச்சில் அல்ல. சூடான மூச்சின் ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகிறது, அவ்வளவுதான்.

புதிதாக வருபவரை எங்கே உட்கார வைப்பார்கள்? கார்னெட் வரிசையின் பின்பக்கம், மூன்றாம் கார்னெட். அங்கே தனியாக விடமாட்டார்கள், பக்கத்தில் ஒரு பழையவர் இருப்பார். எத்தனை அடி எண்ண வேண்டும் என்பதை விரலால் தொடையில் தட்டிக் காட்டுவார். வழி தவறினால் தாளில் விரலை வைத்து 'இங்கே இருக்கிறோம்' என்று காட்டுவார். இதற்கு மேல் பாடத்திட்டம் எதுவும் கிடையாது. 14 வயதுப் பெண்ணும் 70 வயதுப் பெரியவரும் ஒரே ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசிப்பதும், அவர் கண்ணாடி மறந்த அன்று இவள் குறிப்பைச் சொல்லிக் கொடுப்பதும் பேண்ட் ரூமில் சாதாரணம். கருவியும் சீருடையும் பெரும்பாலும் பேண்டின் சொத்து. இது சின்ன விஷயம் அல்ல. நல்ல யூஃபோனியம் ஒன்று பல ஆயிரம் பவுண்டு விலை. அதைத் தன் பணத்தில் வாங்க வேண்டும் என்றால் இந்த நாற்காலிகளில் பாதி காலியாகத்தான் இருக்கும்.

ஒருவர் வர முடியாமல் போனால் இடம் காலியாகக் கிடக்காது. பக்கத்து ஊர் பேண்டிலிருந்து ஒருவர் வந்து வாசித்துக் கொடுப்பார். போட்டியில் எதிரிகளாக நிற்கும் பேண்டுகள்கூடக் கச்சேரிக்கு ஆள் கொடுத்து உதவும். அடுத்த மாதம் அந்த உதவி திரும்பிப் போகும்.

இனி போட்டி. இங்கிலாந்தின் பித்தளை பேண்ட் உலகமே போட்டியால் வளர்ந்தது. 1853இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ பூங்காவில் நடந்த போட்டியில் எட்டு பேண்டுகள் கலந்துகொண்டன. மாஸ்லி என்ற சிற்றூரின் மதுவிலக்கு பேண்ட் வென்றது. அந்தப் போட்டியின் தொடர்ச்சிதான் இன்றைய பிரிட்டிஷ் ஓப்பன். 1900இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தேசியப் போட்டி தொடங்கியது. இன்று அதன் உச்சச் சுற்று ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கிறது. பேண்டுகளை ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். கால்பந்து லீக்கைப் போல மேலே ஏறலாம், கீழேயும் இறங்கலாம்.

இந்தப் போட்டிகளில் எல்லா பேண்டுக்கும் ஒரே பாட்டு. வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். நடுவர்களைத் துணியால் மூடிய பெட்டி போன்ற கூண்டுக்குள் உட்கார வைத்துவிடுவார்கள். எந்த பேண்ட் மேடையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயர், புகழ், ஊர், யாருடைய மகன் என்பதெல்லாம் அந்தத் துணிக்கு வெளியே நின்றுவிடும். சபையில் இருப்பவர்கள் ஒரே பாட்டை நாள் முழுக்க இருபது தடவை பொறுமையாகக் கேட்பார்கள். கையில் பிரதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேட்கும் முதியவர்களைக் காணலாம். 1913இல் பெர்சி ஃப்ளெச்சர் எழுதிய பாட்டிலிருந்து இந்தப் போட்டிகளுக்கென்றே புதுப் படைப்புகள் வரத் தொடங்கின. 1928இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதினார், 1930இல் எட்வர்ட் எல்கர் எழுதினார். நாட்டின் மிகப் பெரிய இசையமைப்பாளர்கள் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் வாசிப்பதற்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் இந்த உலகத்தின் உயிரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆல்பர்ட் மண்டபத்துக்குப் போகத் தேவையில்லை. விட் ஃப்ரைடே அன்று மான்செஸ்டருக்குக் கிழக்கே இருக்கும் மலைக் கிராமங்களுக்குப் போக வேண்டும். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பிறகு வரும் வெள்ளிக்கிழமை அது. காலையில் தேவாலய ஊர்வலங்கள் நடக்கும். மாலையில் டெல்ஃப், டாப்கிராஸ், அப்பர்மில், கிரீன்ஃபீல்டு, லிட்கேட் என்று சாடில்வர்த்திலும் டேம்சைடிலும் இருபது ஊர்களில் ஒரே நேரத்தில் அணிவகுப்புப் போட்டி நடக்கும். 1884இலிருந்து நடக்கிறது. பேண்டுகள் பஸ்ஸில் ஏறி ஒரு ஊருக்குப் போகும், இறங்கி வரிசைகட்டும், தெருவில் மார்ச் என்ற அணிவகுப்பு மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டே நடக்கும், குறிப்பிட்ட இடத்தில் நின்று இன்னொரு மார்ச் வாசிக்கும், உடனே பஸ்ஸில் ஏறி அடுத்த ஊருக்கு ஓடும். ஒரே மாலையில் ஏழெட்டு ஊர் வாசிக்கும் பேண்டுகள் உண்டு.

அங்கும் நடுவர் கண்ணில் படமாட்டார். ஏதாவது ஒரு வீட்டின் மாடி அறையில் திரையை இழுத்துவிட்டோ, ஜன்னலை மறைத்த கேரவனிலோ உட்கார்ந்திருப்பார். வெளியே ஆல்பர்ட் மண்டபத்தில் வென்ற பேண்ட் வாசித்து முடித்து நகரும். பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகளின் பயிற்சி பேண்ட் வந்து நிற்கும். பிறகு வேடம் போட்டுக்கொண்ட கல்லூரி மாணவர்கள், ஸ்விட்சர்லாந்திலிருந்தோ நார்வேயிலிருந்தோ வந்த ஒரு குழு. எல்லாருக்கும் அதே தெரு, அதே நடுவர். இருட்டின பிறகு தொப்பியில் சின்ன விளக்கை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். அடிக்கடி காதில் விழும் மார்ச்சுகளில் ஒன்று 'நைட் டெம்ப்ளர்'. அதை எழுதிய ஜார்ஜ் ஆலன், ஷில்டன் ஊரில் ரயில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். தெருவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பாட்டி முதல் அடியிலேயே அது எந்த மார்ச் என்று சொல்லிவிடுவார்.

பேண்டின் தோழமை கொண்டாட்டத்தோடு முடிந்துபோவதில்லை. 1934 செப்டம்பர் 22 அன்று வேல்ஸின் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 266 பேர் இறந்தார்கள். ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அவர்கள் நினைவாக 'கிரெஸ்ஃபோர்ட்' என்ற மெட்டை பித்தளை பேண்டுக்காக எழுதினார். அதற்குச் சொற்கள் இல்லை. 1871இலிருந்து ஜூலை மாதம் டர்ஹாம் நகரில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் ஒவ்வொரு ஊர்க் கொடியின் முன்னாலும் ஒரு பேண்ட் நடந்து வரும். அந்த மெட்டு தொடங்கியதும் கூட்டம் தலைகுனிந்து நிற்கும். டர்ஹாம் மாவட்டத்தில் இப்போது ஒரு நிலக்கரிச் சுரங்கம்கூட இல்லை. 1993இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. விழா இன்றும் நடக்கிறது, கொடியும் பேண்டும் வருகின்றன.

1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப் சுரங்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் கிரைம்தார்ப் சுரங்க பேண்ட் லண்டனுக்குப் போய் தேசியப் பட்டத்தை வென்று திரும்பியது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. 1996இல் வெளிவந்த 'பிராஸ்டு ஆஃப்' திரைப்படத்தின் பின்னணியில் இந்தக் கதைதான் இருக்கிறது. திரையில் ஊரின் பெயர் வேறு, ஆனால் இசை வாசித்தவர்கள் கிரைம்தார்ப் பேண்ட்தான். சுரங்கம் போய்விட்டது, அந்த பேண்ட் இன்றும் வாசிக்கிறது. கூலி கொடுத்த சுரங்கம் இல்லாமல் போன பிறகும் சந்தாவில் நடந்த பேண்ட் நிலைத்தது எப்படி என்று வியப்பவர்களுக்கு, மேலே சொன்ன மூச்சுக் கணக்கைத்தான் நான் பதிலாகச் சொல்வேன். ஒருவர் விடும் இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்ளப் பழகிய மனிதர்கள் அவர்கள்.

குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தோழமை நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் பல முன்னணி பேண்டுகள் பெண்களுக்கு இடம் தரவில்லை. அப்பாவின் கார்னெட்டை வீட்டில் அழகாக ஊதத் தெரிந்த பெண் பிள்ளைகள் ஒத்திகை நாளில் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. அது அநியாயம். இன்று எல்லா வரிசையிலும் பெண்கள் இருக்கிறார்கள், முதன்மை நாற்காலிகளிலும் இருக்கிறார்கள். இப்போது வேறு கவலை. அரசுப் பள்ளிகளில் இசைக் கல்விக்கான பணம் குறைந்துவருவதால் பிள்ளைகள் கையில் முதல் கருவி சேருவதே கடினமாகிறது. அந்த வேலையையும் இப்போது பேண்டுகளே பயிற்சிக் குழு வைத்துச் செய்கின்றன.

இதே மரபின் இன்னொரு கிளை நமக்குப் பழக்கமானது. நாகர்கோவில் வடசேரியில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்துகிறதே இரட்சணிய சேனை, அதன் பித்தளை பேண்ட் 1878இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் பிறந்தது. தெருவில் பிரசங்கம் செய்தவர்களை ரவுடிகள் அடிக்க வந்தார்கள். சார்லஸ் ஃப்ரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும் காவலுக்கு நின்றார்கள், கையோடு கருவிகளையும் கொண்டு வந்தார்கள். பிறகு உலகம் முழுக்க அந்தச் சேனை போன இடமெல்லாம் பேண்டும் போனது. அங்கும் யாருக்கும் சம்பளம் இல்லை.

கடைசியாக, பிரிட்டனில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு பேண்ட் ரூம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆகியிருந்தால் பயிற்சிக் குழுவில் சேர்க்கலாம், பல இடங்களில் கருவியை இரவலாகவே தருகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருக்க வேண்டாம். நாற்பது வயதில் முதல் தடவையாக ஊதுவாயை உதட்டில் வைப்பவர்களுக்கும் மூன்றாம் கார்னெட் வரிசையில் இடம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பழையவரும் இருப்பார். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒத்திகை எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.